சீரியல் டிரைவருக்கு என்ன பெயர் வைப்பது: டிடிஒய்எஸ்ஸா, தராசா?

டிரைவர் எழுதும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு புராஜெக்டுக்காக எஃப்பிஜிஏ கிட் (உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைக்கக்கூடிய சிப் கொண்ட பலகை) ஒன்றில் சொந்தமாக யூஆர்ட் சுற்று, அதாவது தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பிப் பெறும் சீரியல் சுற்று, அமைத்திருக்கிறார், அந்தச் சுற்றை இயங்குதளத்தோடு பேசவைக்கும் லினக்ஸ் டிரைவரும் எழுதுகிறார். சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்லின் தராசை ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் தரநிலை வயரால் அதில் மாட்ட வேண்டும். போர்ட்டுக்கு டிடிஒய்எஸ்0 என்று பெயர் வைத்தால் (டிடிஒய் என்பது லினக்ஸில் டெர்மினல், சீரியல் வகைச் சாதனப் பெயர்களின் தொடக்கம்), அதே பெயரில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது என்று லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் மறுக்கிறது. நண்பர் டிடிஒய்யூஎஸ்பி0 என்று வைக்கச் சொல்கிறார். தம்பிக்குப் பிடித்த பெயர் /டெவ்/தராசு0 (/டெவ் என்பது சாதனங்கள் கோப்புகளாகத் தெரியும் அடைவு). இதற்கென்று உலகப் பொது விதி ஏதும் இருக்கிறதா, எது சரி என்பது கேள்வி.

உள்ளே பார்த்தால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டிரைவர் தன் போர்ட்டைக் கர்னலிடம் எந்தப் பெயரில் பதிய வேண்டும் என்பது ஒன்று. மில்லில் ஓடும் பில் மென்பொருள் தராசை எந்தப் பெயரில் தேட வேண்டும் என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே பெயரைத் தேடுவதால்தான் தலை சுற்றுகிறது. நான் மட்டக்களப்பில் இருந்துகொண்டு பல வருசமாக இந்த இரண்டு பக்கத்திலும் வேலை செய்கிறவன். ஒரு பக்கம் எம்பெடட் லினக்ஸ். மறுபக்கம் கல்முனை, அக்கரைப்பற்று என்று மில்களிலும் கடைகளிலும் தராசும் பிரிண்டரும் கொம்பியூட்டரோடு பேசாமல் மல்லுக்கட்டும் இடங்கள். எது நிச்சயமான விதி, எது வெறும் வழக்கம், எது என் அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உலகப் பொது விதி கிடையாது, இது நிச்சயம். ஆர்எஸ்-232 தரநிலை மின்னழுத்தம், சிக்னல்கள், பின்கள் பற்றிப் பேசுகிறது. இயங்குதளம் அந்த வாயை, அதாவது போர்ட்டை, என்ன பெயரில் கூப்பிட வேண்டும் என்பது அதன் கவலை அல்ல. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை /டெவ்/நல், /டெவ்/டிடிஒய், /டெவ்/கன்சோல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது, சீரியல் போர்ட்டின் பெயரைத் தொடவில்லை. ஆகவே ஒவ்வொரு இயங்குதளமும் தன் வீட்டு வழக்கத்தைத்தான் வைத்திருக்கிறது. லினக்ஸில் அந்த வழக்கம் எழுத்தில் இருக்கிறது. கர்னல் ஆவணங்களில் சாதன எண்களின் பட்டியல் என்று ஒரு கோப்பு உண்டு. மேஜர் எண் எந்த டிரைவர் என்பதையும், மைனர் எண் அதில் எத்தனையாவது சாதனம் என்பதையும் சொல்லும். அதன்படி மேஜர் எண் 4-இல் மைனர் 0 முதல் 63 வரை திரை-விசைப்பலகைக் கன்சோல்களுக்கு, 64-இலிருந்து டிடிஒய்எஸ்0, டிடிஒய்எஸ்1 என்று போகும். டிடிஒய்எஸ்0-இன் மைனர் எண் ஏன் 64 என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் அவ்வளவுதான். யூஎஸ்பி-சீரியல் அடாப்டர்களுக்கு மேஜர் 188, டிடிஒய்ஏசிஎம் வகைக்கு 166, ஒன்றிரண்டு போர்ட் மட்டுமே உள்ள பலவகைச் சிப்புகளுக்கு 204.

இப்போது, தம்பி, உங்கள் பிழைக்கு வருவோம். டிடிஒய்எஸ் என்ற பெயரைப் பார்த்தால் சீரியல் போர்ட் எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர்போலத் தெரியும். நடைமுறையில் அது 8250 டிரைவரின் சொத்து. பழைய பிசிக்களில் இருந்த 8250, அப்புறம் வந்த 16450, 16 பைட் ஃபிஃபோ (தரவை வந்த வரிசையில் தாங்கி வைக்கும் இடம்) உள்ள 16550ஏ, இவற்றோடு ஒத்துப்போகிற நூற்றுக்கணக்கான சிப்புகள் எல்லாம் அந்த ஒரே குடும்பம். அந்த டிரைவர் வன்பொருள் இருக்கிறதோ இல்லையோ வழக்கமாக நாலு பெயரை முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சீரியல் வாய்கூட இல்லாத லாப்டாப்பிலும் டிடிஒய்எஸ்0 முதல் டிடிஒய்எஸ்3 வரை கிடப்பது இதனால்தான். உங்கள் டிரைவர் வந்து அதே பெயரைக் கேட்டால், கர்னல் தன் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ், ஒரே பெயரில் இரண்டு கோப்பு போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிடும். மேஜர் எண்ணை மாற்றிப் பார்த்தாலும் பெயர் மோதல் தீராது.

அதனால் லினக்ஸில் டிடிஒய்க்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்தால் எந்த டிரைவர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஆர்ம் நிறுவனத்தின் பிஎல்011 சுற்றுக்கு டிடிஒய்ஏஎம்ஏ, ஐ.எம்எக்ஸ் சிப்புகளுக்கு டிடிஒய்எம்எக்ஸ்சி, சாம்சங் சிப்புகளுக்கு டிடிஒய்எஸ்ஏசி, சைலிங்ஸின் யூஆர்ட்லைட்டுக்கு டிடிஒய்யூஎல், சிங்க் சிப்புக்குள் இருக்கும் யூஆர்ட்டுக்கு டிடிஒய்பிஎஸ். யூஎஸ்பியிலும் இதே கதை. சிஎச்340, சிபி2102, எஃப்டிடிஐ போன்ற மாற்றிச் சிப்புகள் யூஎஸ்பி-சீரியல் டிரைவர் கூட்டத்தில் சேர்ந்து டிடிஒய்யூஎஸ்பி ஆகின்றன. மோடம்களுக்கென்று யூஎஸ்பி தரநிலை வகுத்த ஏசிஎம் முறையில் பேசுகிற சாதனம் டிடிஒய்ஏசிஎம் ஆகிறது. அசல் ஆர்டுயினோ ஊனோ டிடிஒய்ஏசிஎம்0 ஆக வருவதும், கடையில் மலிவாகக் கிடைக்கும் சிஎச்340 போட்ட நானோ டிடிஒய்யூஎஸ்பி0 ஆக வருவதும் இப்படித்தான். உங்கள் யூஆர்ட் யூஎஸ்பியில் இல்லாததால் நண்பர் சொன்ன பெயர் பொருந்தாது. பொருந்தாதது மட்டுமில்லை, பிற்பாடு பிழை தேடுகிறவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும்.

இந்த முன்னொட்டு வழக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிப் மாறினால் பெயர் மாறுகிறது, பெயர் மாறினால் மேலே இருக்கிற எல்லாம் உடைகிறது. டெக்ஸாஸின் ஓமாப் சிப்புகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றின் யூஆர்ட் 8250 குடும்பத்தோடு ஒத்துப்போவதுதான், முதலில் டிடிஒய்எஸ் என்றே இருந்தது. தனி டிரைவர் எழுதியபோது டிடிஒய்ஓ ஆனது. ஓ எழுத்துக்குப் பக்கத்தில் பூச்சியம் வந்து நிற்க, எது எழுத்து, எது எண் என்று பிரிக்க முடியாமல் அந்தச் சிப் உள்ள பீகிள்போன் பலகை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு அதை 8250 குடும்பத்துக்குள்ளேயே திருப்பிக் கொண்டுவந்து மறுபடி டிடிஒய்எஸ் ஆக்கினார்கள். பழைய பூட் வரியில் (தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரியில்) டிடிஒய்ஓ என்று எழுதியிருந்தால் அதை டிடிஒய்எஸ் என்று மாற்றிப் படிக்கக் கர்னலில் ஒரு தனி அமைப்பே சேர்க்க வேண்டி வந்தது. ராஸ்பெரி பை 3 என்ற சிறிய கொம்பியூட்டர் பலகை வந்தபோதும் இதே மாதிரி ஒரு குழப்பம். முழு வசதியுள்ள டிடிஒய்ஏஎம்ஏ0 புளூடூத்துக்குப் போய்விட்டது, வெளிச் சாதனங்களை மாட்டும் பின்களின் வரிசைக்கு மினி யூஆர்ட், அதாவது டிடிஒய்எஸ்0 வந்தது. பழைய நிரல்கள் எல்லாம் நின்றுபோயின. அவர்கள் கண்ட தீர்வு /டெவ்/சீரியல்0 என்ற சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர். அடியில் எந்த யூஆர்ட் இருந்தாலும் அந்தப் பலகையின் பின்களில் இருக்கும் முதன்மைப் போர்ட் அதுவே. உங்களுக்கும் கடைசியில் நான் சொல்லப் போவது இந்த வழிதான்.

டிரைவர் பெயரைப் பற்றிய நேரான பதில் இதோ. உங்கள் சுற்றின் ரெஜிஸ்டர் அமைப்பு (டிரைவர் படித்து எழுதும் இடங்களின் ஒழுங்கு) இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்றால், அதை 16550ஏ போலவே அமைத்துவிடுங்கள். பலகையில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் என்எஸ்16550ஏ-உடன் ஒத்துப்போகிறது என்று எழுதி முகவரி, இன்டரப்ட், கடிகார வேகம் கொடுத்தால் போதும், கர்னலில் இருக்கும் டிரைவரே எடுத்துக்கொள்ளும், பெயரும் முறைப்படி டிடிஒய்எஸ் ஆகவே வரும். நாலு போர்ட்டுக்கு மேல் போனால் 8250-இன் போர்ட் எண்ணிக்கை வரம்பை பூட் வரியில் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இது டிரைவர் எழுதும் புராஜெக்ட், ஆயத்த டிரைவர் வேண்டாம் என்று விரிவுரையாளர் சொன்னால் சொந்த முன்னொட்டு வையுங்கள்.

அதற்கு எழுதப்பட்ட இலக்கணம் இல்லை, வழக்கம் உண்டு: டிடிஒய் என்று சிறிய எழுத்தில் தொடங்கி, சிப்பையோ சுற்றையோ சுட்டும் இரண்டு மூன்று எழுத்து, பெரும்பாலும் பெரிய எழுத்தில். யாராவது எடுத்துவிட்டார்களா என்று கர்னல் மூலநிரலில் தேடிப் பாருங்கள். ஓ எழுத்தை மட்டும் தொடாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். யூஆர்ட் டிரைவர் கட்டமைப்பில் இரண்டு பெயர்ப் புலங்கள் இருக்கின்றன. டிரைவர் பெயர் என்பது கர்னலின் உள்பாவனைக்கு. சாதனப் பெயர் என்பதில் முன்னொட்டு மட்டும் இருக்க வேண்டும், எண்ணை டிடிஒய் அடுக்கு தானே ஒட்டிக்கொள்ளும். எண்ணையும் சேர்த்து எழுதினால் முதல் போர்ட் 00 என்று முடியும். மேஜர் எண்ணுக்குப் பூச்சியம் கொடுத்தால் கர்னல் காலியான ஒன்றை எடுத்துத் தரும். கல்லூரி புராஜெக்டுக்கு நிரந்தர எண் தேவையே இல்லை. கன்சோலாகவும் பாவிக்க நினைத்தால் கன்சோல் கட்டமைப்பில் உள்ள பெயரும் அதே முன்னொட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட் வரியில் எழுதும் பெயர் பொருந்தாமல் திரை வெறுமையாகக் கிடக்கும். பழைய லினக்ஸ் பதிப்புகளில் இன்னொரு பொறியும் உண்டு. ரூட் எந்தெந்த டிடிஒய்யில் நுழையலாம் என்று செக்யூர்டிடிஒய் என்ற கோப்பில் பட்டியல் இருக்கும். புதுப் பெயர் அதில் இல்லை என்றால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது.

எண் எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிடாதீர்கள். இரண்டு யூஆர்ட் இருந்தால் எது 0, எது 1? ப்ரோப், அதாவது கர்னல் சாதனத்தை அதன் டிரைவரோடு சேர்க்கும் வேலை, நடந்த வரிசைப்படி எண் கொடுத்தால் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று ஆகலாம். டிவைஸ் ட்ரீயில் அலியாஸ் (மாற்றுப் பெயர்) பகுதியில் சீரியல்0 என்றால் இந்தச் சுற்று, சீரியல்1 என்றால் அந்தச் சுற்று என்று எழுதிவிட்டு, டிரைவரில் அந்த அலியாஸ் எண்ணை வாங்கி வரி எண்ணாகப் பாவியுங்கள். அலியாஸ் இல்லை என்றால் மட்டும் காலியான எண்ணைத் தேடுங்கள். நல்ல டிரைவர்கள் செய்வது இதுதான்.

/டெவ்/தராசு0 என்ற பெயர் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அது டிரைவருக்குள் வரக்கூடாது. இது விதி அல்ல, என் உறுதியான அபிப்பிராயம். ஆர்எஸ்-232 வயரின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கேட்டு அறிய எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான வழி இல்லை. யூஎஸ்பி போல "நீ யார்" என்று கேட்டால் பதில் வராது. உங்கள் டிரைவருக்குத் தெரிந்தது யூஆர்ட் மட்டும். நாளைக்கு மில்காரர் அதே வாயில் லேபிள் பிரிண்டரை மாட்டினால் தராசு0 என்ற பெயரில் பிரிண்டர் உட்கார்ந்திருக்கும். சீரியல் வாயின் மறுமுனையில் இன்னது நிரந்தரமாகப் பற்றவைத்து இருக்கிறது என்று டிவைஸ் ட்ரீயில் சொல்லும் செர்டெவ் முறை கர்னலில் உண்டு. அது பலகைக்குள்ளேயே இருக்கும் புளூடூத் சிப் மாதிரியானவற்றுக்கு. அப்படி அறிவித்தால் டிடிஒய் கோப்பே தோன்றாது, அப்போது பில் மென்பொருள் எதையும் திறக்க முடியாது.

ஆகவே தராசு என்ற பெயரை, சாதனம் தோன்றும்போது /டெவ்-இல் பெயர்களைப் போடும் யூடெவ் நிரலின் விதியில் வையுங்கள். கர்னல் பெயர் இன்னது என்றால் தராசு என்று ஒரு சிம்லிங்க் போடு என்று ஒரு வரி. கர்னல் கொடுத்த பெயரை மாற்றப் பார்க்காதீர்கள், யூடெவ் அதற்கு இடம் தராது. கூடுதல் பெயர் சேர்க்கலாம், அவ்வளவுதான். பில் மென்பொருள் /டெவ்/தராசு என்பதை மட்டும் திறக்கட்டும். பிறகு அடியில் எஃப்பிஜிஏ போய் யூஎஸ்பி அடாப்டர் வந்தாலும் அந்த மென்பொருளைத் தொட வேண்டியதில்லை.

அடாப்டர் வரும்போது இந்தச் சிம்லிங்க் இன்னும் அவசியமாகும். அறுவடைக் காலத்தில் மில் முற்றத்தில் நெல் ஏற்றிய டிராக்டர்களுக்கு வந்த வரிசையில் துண்டு கொடுப்பார்களே, டிடிஒய்யூஎஸ்பி0 என்பது அந்தத் துண்டு எண், டிராக்டரின் நம்பர் பிளேட் அல்ல. பெரிய தராசுக்கு ஒரு அடாப்டர், மூட்டைத் தராசுக்கு ஒரு அடாப்டர் என்று இரண்டு இருந்தால், கரண்ட் போய் வந்தபின் எது முதலில் விழிக்கிறதோ அதற்குத்தான் 0. லினக்ஸ் தானாகவே /டெவ்/சீரியல்/பை-ஐடி, /டெவ்/சீரியல்/பை-பாத் என்று இரண்டு அடைவுகளில் நிலையான சிம்லிங்க் போட்டுத் தருகிறது. பை-ஐடி சாதனத்தின் தயாரிப்பாளர், மாதிரி, தொடர் எண் ஆகியவற்றிலிருந்து வருவது. எஃப்டிடிஐ சிப்பில் வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் தனித் தொடர் எண் இருப்பதால் நன்றாக வேலை செய்யும். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் சிஎச்340-இல், அதாவது 1ஏ86:7523 என்று காட்டும் வகையில், தொடர் எண்ணே கிடையாது. ஒரே மாதிரி இரண்டை மாட்டினால் பை-ஐடியில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒன்று மற்றதை மறைத்துவிடும். சிபி2102-இலும் தொழிற்சாலை எண்ணான 0001-உடனேயே பல வருகின்றன. இந்த நிலையில் பை-பாத்தைப் பாவியுங்கள், எந்த யூஎஸ்பி வாய் என்பதை வைத்து அடையாளம் காணும். அப்புறம் அந்த வாய்க்குப் பக்கத்தில் பெயின்டால் ஒரு குறி போட்டுவிடுங்கள். மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு யூடெவ் விதியைவிட அந்தக் குறி நன்றாகப் புரியும்.

மில்களில் பெரும்பாலும் ஓடுவது விண்டோஸ் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கொம்1 முதல் கொம்4 வரையிலான பெயர்கள் டொஸ் காலத்தவை. 3எஃப்8, 2எஃப்8, 3இ8, 2இ8 என்ற முகவரிகளோடு கட்டப்பட்டிருந்தன. இன்றைய விண்டோஸில் டிரைவர் உள்ளுக்குள் வேறு பெயரில்தான் பதிகிறது, உதாரணமாக மைக்ரோசாஃப்டின் சொந்த யூஎஸ்பி சீரியல் டிரைவர் யூஎஸ்பிஎஸ்இஆர்000 என்று. கொம்7 என்பது அதற்கு மேலே போடப்படும் சிம்லிங்க். டிரைவர் எழுதுகிறவர் எண்ணைத் தானே தீர்மானிப்பதில்லை. ரெஜிஸ்ட்ரியில் அந்தச் சாதனத்துக்கென்று எழுதியிருக்கும் போர்ட் பெயரை வாசித்து, அதற்குச் சிம்லிங்க் போடுகிறார். தொடர் எண் இல்லாத அடாப்டரை வேறு யூஎஸ்பி வாயில் மாட்டினால் விண்டோஸ் அதைப் புதிய சாதனமாகப் பார்த்து புதிய எண் கொடுக்கும். போன் சார்ஜ் போடுவதற்காக யாரோ வயரைப் பிடுங்கிப் பக்கத்து வாயில் செருகியபின் தராசு வேலை செய்யவில்லை என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான். டிவைஸ் மேனேஜரில் பழைய எண்ணைக் கையால் திருப்பிக் கொடுக்கலாம். எண் 9-ஐத் தாண்டினால் பழைய பில் மென்பொருள்கள் சிலவற்றால் திறக்க முடியாது. கொம்10 முதல் பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, புள்ளி, இன்னொரு பின்சாய்கோடு சேர்த்துத் திறக்க வேண்டும், அதை அறியாமல் எழுதியவர்கள் நிறையப் பேர்.

யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி, மேக் பக்கம் போனால் ஒரே போர்ட்டுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் காண்பீர்கள். ஃப்ரீபிஎஸ்டியில் டிடிஒய்யு0, சியூஏயு0. மேக்கில் டிடிஒய் என்றும் சியூ என்றும் தொடங்கும் சோடி. மோடம் காலத்து ஏற்பாடு. டிடிஒய் பக்கம் மறுமுனை இணைந்துவிட்டது என்று காட்டும் கேரியர் சிக்னல் வரும்வரை திறக்காமல் காத்திருக்கும், மற்றது உடனே திறக்கும். தராசு மாதிரி மூன்று வயர் மட்டும் இழுத்த சாதனத்துக்கு சியூ பக்கம்தான் வேண்டும். லினக்ஸிலும் ஒரு காலத்தில் சியூஏ இருந்தது, பிறகு கைவிட்டார்கள். உங்கள் நிரலில் காத்திராமல் திறக்கும் கொடியையும் கேரியரைப் பொருட்படுத்தாத சிலோக்கல் அமைப்பையும் போட்டால் அதே பலன் கிடைக்கும்.

கடைசியாக, இயங்குதளமே சொந்தமாக எழுதும் எண்ணம் இருக்கிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அப்படியானால் லினக்ஸின் முன்னொட்டுக் காட்டை அங்கே கொண்டுபோக வேண்டாம். யூஆர்ட் எதுவானாலும் ஒரே பெயர் வையுங்கள், எந்த டிரைவர் என்ற தகவல் வேறு இடத்தில் இருக்கட்டும். பிளான் 9 என்ற இயங்குதளம் செய்தது எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது: போர்ட் இஐஏ0, அதன் வேகத்தையும் மற்ற அமைப்புகளையும் மாற்ற இஐஏ0சிடிஎல் என்று பக்கத்தில் இன்னொரு கோப்பு. சிறிய இயங்குதளத்துக்கு அது போதும்.

புராஜெக்டை மில்லுக்குக் கொண்டுபோகுமுன் இரண்டு விசயம் பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் டெபியன், உபுண்டுவில் உங்கள் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். ரூட்டாக ஓட்டி ஒப்பேற்ற வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க சிஎச்340 அடாப்டரை உபுண்டு 22.04-இல் மாட்டி, டிடிஒய்யூஎஸ்பி0 தோன்றிய மறுகணமே மறைந்தால் அடாப்டரைத் திட்டாதீர்கள். பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. தேவையில்லை என்றால் அந்தப் பொதியை நீக்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.